செவலைப் பசு எதனால் செத்தது?

பசு இடப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. உளுந்து பறித்து முடித்த வயல். பங்குனி வெயிலில் வெடித்திருந்த மண், முழங்காலிட்ட இடத்தில் துணியைத் தாண்டிச் சுட்டது. ரப்பர் பூட்ஸும் கையுறையுமாக, கத்தியோடு நான் உட்கார்ந்திருந்தேன். என்னைச் சுற்றி நாற்பது பேராவது நின்றிருப்பார்கள். இரண்டு வயல் தள்ளி நின்ற இரும்புக் கோபுரத்தின் எஞ்சின் சத்தம் மட்டும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

பசுவின் தலைமாட்டில் அதன் சொந்தக்காரர் தமிழரசி நின்றார். அழுது முடித்த முகம்.

“தண்ணிதானே டாக்டரம்மா?”

“இன்னும் வயித்தைத் திறக்கலை தமிழரசி.”

“திறந்து பாத்துட்டுச் சொல்லுங்க. ஆனா சத்தமாச் சொல்லுங்க. எல்லாருக்கும் கேக்கணும்.”

என் கத்தி நின்றுவிட்டது. அத்தனை வருட வேலையில் எத்தனையோ மாடுகளை அறுத்துப் பார்த்திருக்கிறேன். பதிலை முன்கூட்டியே வைத்துக்கொண்டு காத்திருந்த கூட்டத்துக்கு நடுவில் அறுத்தது அன்று ஒருநாள்தான்.

இந்தத் தொடரைப் படித்துவரும் ஒரு வாசகர், சீர்காழிப் பக்கத்துக்காரர், கடிதத்தில் கேட்டிருந்தார்: “உங்கள் பணிக்காலத்தில் பொய்யாக ஏதாவது எழுதிக் கொடுத்ததுண்டா?” இல்லை என்று ஒரு கார்டில் பதில் போட்டிருக்கலாம். போட உட்கார்ந்தபோதுதான் இந்தப் பசு ஞாபகத்துக்கு வந்தது. அதனால் இந்த வாரம் அதையே எழுதிவிடுகிறேன்.

ஊர்ப் பெயரை எழுதப்போவதில்லை. போராடியவர்களில் சிலர் மேல் இன்னும் வழக்கு இருக்கிறது. மயிலாடுதுறைக்குக் கிழக்கே, காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் ஊர்களில் ஒன்று என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கொடி, பிறகு கோபுரம்

அந்த ஊர் என் கால்நடை மருந்தகத்தின் எல்லைக்குள் வருவது. வாரம் ஒருமுறை போவேன். சினை ஊசி, கோமாரித் தடுப்பூசி, ஆட்டுக்குக் குடற்புழு மருந்து, இவைதான் வேலை. ஒரு வாரம் போனபோது வரப்புகளில் சின்னச் சின்னச் சிவப்புக் கொடிகள் நட்டிருந்தார்கள். என்னவென்று கேட்டேன். மண் பரிசோதனை என்றார் ஒருவர். நிலத்தடி நீர் கணக்கெடுப்பு என்றார் இன்னொருவர். புதிய சாலைக்கு அளக்கிறார்கள் என்று டீக்கடைக்காரர் அடித்துச் சொன்னார்.

சென்னையில் குடியிருந்த ஒரு மிராசுதார் தன் நிலத்தை ஒரு கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டார் என்பது லாரிகள் வந்த பிறகுதான் தெரிந்தது. வாய்க்கால் கரையை உடைத்துச் சாலை போட்டார்கள். பூமியில் துளை போடும் இரும்புக் கோபுரம் எழும்பியது. அதன் பக்கத்தில் பெரிய குழி வெட்டிக் கறுப்புத் தார்ப்பாய் விரித்து, துளையிலிருந்து வரும் சேற்றுத் தண்ணீரை அதில் விட்டார்கள். சுற்றிலும் கம்பி வேலி. இரண்டு மாதத்தில் வேலி ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. அறுவடை முடிந்தால் இந்தப் பக்கத்தில் மாடுகளை அவிழ்த்துவிடுவதுதான் வழக்கம். கோடையில் வாய்க்கால் வறண்டு கிடக்கும்போது, தண்ணீர் பளபளக்கும் இடத்தை மாடு விட்டுவைக்குமா?

அதைப் பற்றி முதலில் வாயைத் திறந்தவர் தமிழரசி. நாற்பத்தைந்து வயது இருக்கும். பிளஸ் டூ படித்தவர். கணவர் மாசிலாமணி அறுவடை இயந்திரம் ஓட்டுபவர். பாதி நாள் வெளியூரில் இருப்பார். நிலம், இரண்டு பசு, ஏழெட்டு ஆடு எல்லாம் தமிழரசி பொறுப்பு. திங்கட்கிழமை தவறாமல் கலெக்டர் ஆபீஸுக்கு மனுவோடு பஸ் ஏறுவார். “அவ்வளவு ஆழத்துக்குத் துளை போட்டா நம்ம அடிபம்புத் தண்ணி என்னாகும்?” என்று வீடு வீடாகக் கேட்டார். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். கையெழுத்துப் போடச் சொன்னால், வீட்டுக்காரர் வரட்டும் என்றார்கள்.

மஞ்சள் பெட்டி

ஒருநாள் காலை அந்த ஊருக்குள் என் வண்டி நுழையும்போதே இரண்டு பெண்கள் மறித்தார்கள். கோபுரத்துக்கு ஒரு புது லாரி வந்திருக்கிறது, அதில் ஒரு பெட்டி இருக்கிறது, அதில் ஏதோ படம் போட்டிருக்கிறது, வந்து பாருங்கள் என்றார்கள். போனேன். வேலிக்கு வெளியில் நின்று பார்த்தேன். மஞ்சள் நிறத்தில் கறுப்பாக மூன்று இதழ்கள், காற்றாடி மாதிரி. கால்நடைக் கல்லூரியில் எக்ஸ்ரே அறை வாசலில் ஐந்து வருடம் பார்த்த படம்.

“இது கதிர்வீச்சு இருக்குன்னு காட்டுற குறி. கிட்டப் போகாதீங்க. ஆடு மாட்டையும் விடாதீங்க” என்றேன்.

நான் சொன்னது அவ்வளவுதான். அதில் ஒரு வார்த்தை கூடத் தப்பில்லை.

சாயங்காலத்துக்குள் அது ஊரெல்லாம் சுற்றி வந்துவிட்டது. சுற்றி வரும்போது வேறு ஒன்றாக மாறியிருந்தது. யாரோ போனில் தேடியிருக்கிறார்கள். வட மாநிலத்தில் எங்கோ யுரேனியம் தோண்டும் ஊரின் படங்கள் கிடைத்திருக்கின்றன: எலும்பும் தோலுமான மாடுகள், வளைந்த கால்கள். “நம்ம ஊர்ல யுரேனியம் எடுக்கறாங்க. டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க.” மறுநாள் என் போனுக்கே அந்தச் செய்தி வந்தது.

டீக்கடையில் நிறுத்தி மறுத்துப் பார்த்தேன்.

“நான் அப்படிச் சொல்லலைங்க.”

“அப்ப பெட்டியில என்னதான் இருக்கு?” என்றார் டீக்கடைக்காரர்.

“அது எனக்குத் தெரியலை.”

“யுரேனியமா இருக்கலாம்ல?”

“இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.”

“இருக்கலாம்ங்கறாங்க” என்று பெஞ்சில் இருந்தவர்களிடம் திரும்பிச் சொன்னார். அத்தோடு என் மறுப்பு முடிந்தது.

கார்த்திக்

பத்து நாள் கழித்து என் மருந்தகத்துக்கு ஒருவர் நாயைத் தூக்கிக்கொண்டு வந்தார். பெயர் கார்த்திக். கோபுரத்தில் நிலவியல் அதிகாரி. முப்பது வயதுகூட இருக்காது. முகாமில் ஒட்டிக்கொண்ட தெருநாய்க்குக் காலில் ஆணி ஏறிவிட்டது. நான் ஆணியை எடுக்கும்போது நாயின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, கோபுரத்து ஆட்கள் பேசும் பெங்காலியிலோ இந்தியிலோ அல்லாமல் சுத்தமான மதுரைத் தமிழில் கொஞ்சிக்கொண்டிருந்தார். எதிரி என்று நினைத்திருந்தவர் அப்படி உட்கார்ந்திருந்தது எனக்குச் சங்கடமாக இருந்தது.

பெட்டியைப் பற்றி நானே கேட்டேன்.

“அது எடுக்கறதுக்கு இல்லை மேடம், இறக்கறதுக்கு. துளைக்குள்ள கருவியை விட்டுப் பாறை எப்படி இருக்குன்னு பாப்போம். அந்தக் கருவிக்குள்ள கதிர்வீச்சு வர்ற பொருள் துளியூண்டு இருக்கும், சீல் பண்ணி. வேலை முடிஞ்சதும் லாரியில திரும்பிப் போயிடும். நாங்க தேடுறது எண்ணெயும் காஸும்தான். யுரேனியமெல்லாம் இங்க ஏது?”

“இதை ஊர்ல சொல்லலாமே?”

“சொன்னேன். சிரிக்கறாங்க.”

அவர் சொன்னது உண்மை போலத்தான் இருந்தது. கம்பெனி அப்படிச் சொல்லச் சொல்லியிருக்கும் என்றும் தோன்றியது. கல்லூரித் தோழி ஒருத்திக்குப் போன் செய்தேன். அவளுடைய தம்பிக்கு வெளிநாட்டில் எண்ணெய்க் கிணற்றில் வேலை. விசாரித்து, கார்த்திக் சொன்னதையேதான் சொன்னாள்.

ஆகவே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் ஊருக்குப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்த வாரம்தான் தமிழரசியின் மனுவில் முதன்முறையாக ஊர் முழுக்கக் கையெழுத்துப் போட்டிருந்தது.

திரிந்துபோன காப்பி

இந்த இடத்தில் எங்கள் வீட்டுக் கிணற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நாங்கள் லுத்தரன் குடும்பம். தரங்கம்பாடிக்குத் தெற்கே ஒரு மிஷன் பள்ளியில் அப்பா அறிவியல் ஆசிரியர். நான் கல்லூரியில் சேர்ந்த புதிதில் எங்கள் ஊர் வயல்களில் இறால் குட்டைகள் வந்தன. விடுமுறைக்கு வந்த ஒரு காலையில் அம்மா காப்பி கொடுத்தார், பால் திரிந்திருந்தது. மறுநாளும் திரிந்தது. பால்காரரை மாற்றினோம். மூன்றாம் நாள் அப்பா கிணற்றுத் தண்ணீரை நாக்கில் விட்டுப் பார்த்துவிட்டு, “பால் மேல குத்தமில்ல” என்றார்.

அப்பா எதையும் சோதிக்காமல் நம்பாதவர். பாட்டில்களில் தண்ணீர் எடுத்துச் சீட்டு ஒட்டித் தஞ்சாவூர் ஆய்வகத்துக்கு அனுப்பினார். உப்பு அதிகம் என்று பதில் வந்தது. அந்த உப்பு, இறால் குட்டையிலிருந்து வந்ததா, கடல் உள்ளே வந்ததா, மழை பொய்த்ததா? அதற்குப் பதில் இல்லை. குட்டைக்காரர் கடலைக் காட்டினார். அப்பா இன்னும் ஆதாரம் வேண்டும் என்று மறுபடி பாட்டில்களை நிரப்பினார். சந்தேகத்தின் பேரில் ஒரு மனிதரைக் குற்றம் சொல்வது பாவம் என்று நினைத்தார். ஆதாரம் சேர்வதற்குள் கொய்யாவும் வாழையும் பட்டுப்போயின. பிறகு குட்டைக்காரரும் போய்விட்டார். தண்ணீர் அப்படியே இருந்தது.

அப்பா செய்தது சரியா தவறா என்று இத்தனை வருடமாக என்னால் தீர்மானிக்க முடியவில்லை. நேர்மையாக இருந்தார். கிணறு போய்விட்டது.

வயிற்றுக்குள்

பசுவுக்கு வருகிறேன்.

வயிற்றைத் திறந்தேன். குடலின் உள்பக்கம் சிவந்து புண்ணாகியிருந்தது. பெருவயிற்றில் வைக்கோலோடு சாம்பல் நிறச் சேறு கலந்து கிடந்தது. எண்ணெய் நாற்றம் லேசாக அடித்தது. என் உதவியாளரும் முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார். குழித் தண்ணீரைப் பசு குடித்திருக்கிறது, அதில் சந்தேகமில்லை.

அதோடு நிறுத்தியிருந்தால் நான் எழுந்து நின்று சத்தமாகச் சொல்லியிருப்பேன். ஆனால் முறைப்படி எல்லா உறுப்பையும் பார்க்க வேண்டும். மாட்டின் இரண்டாவது வயிறு, தேன்கூடு போன்ற அறை, இதயத்துக்கு வெகு பக்கத்தில் இருப்பது. அங்கே விரல் விட்டபோது ஏதோ குத்தியது. வெளியே எடுத்தேன். வைக்கோல் கட்டு கட்டுகிற கம்பி, சுண்டுவிரல் நீளம். அது வயிற்றைத் துளைத்துப் போய் இதயத்தின் உறையையும் துளைத்திருந்தது. உறைக்குள் சீழ்.

கம்பி விழுங்கிய மாடு சாகும். மெல்ல மெல்லச் சாகும். தீனி குறையும், தாடைக்குக் கீழே வீங்கும்.

மூன்று வாரத்துக்கு முன் தமிழரசி இதே பசுவைக் காட்டி, “சரியாத் திங்க மாட்டேங்குது டாக்டரம்மா” என்றிருந்தார். நான் செரிமானப் பொடி கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். அன்று ஒழுங்காகத் தட்டிப் பார்த்திருந்தால் கம்பி என்று கண்டுபிடித்திருக்கலாம்.

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். தண்ணீர் என்று எழுதினால் ஊருக்கு நல்லது. என் தவறும் மறைந்துவிடும். கம்பி என்று எழுதினால் கம்பெனிக்கு நல்லது; என் தவறு வெளியே வரும். எதை எழுதினாலும் யாருக்காக எழுதினேன் என்று எனக்கே தெரியாது.

“என்னம்மா அது கையில?” என்றார் தமிழரசி.

“கம்பி.”

அவர் குனிந்து பார்த்தார். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், “கம்பிதானா அப்ப?” என்றார்.

“ரெண்டும் இருக்கு. எது கொன்னுச்சுன்னு என்னால பிரிச்சுச் சொல்ல முடியலை.”

“உங்களாலயே முடியலையா?”

“முடியலை. போன தடவை நான் சரியாப் பாக்கலை தமிழரசி. அதுவும் இருக்கு.”

அவர் நிமிர்ந்தார். பசுவின் கழுத்தில் இருந்த கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அறிக்கையில் இரண்டு வரி எழுதினேன். இதய உறையைத் துளைத்த கம்பி காணப்பட்டது. குடலில் கடும் அழற்சி; அதற்கான காரணத்தை உறுதிசெய்ய இயலவில்லை. சேற்றை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினேன். வழியில் கெட்டுவிட்டது என்று ஒரு கடிதம் திரும்பி வந்தது. மறுபடி எடுப்பதற்குள் பசுவைப் புதைத்து நாளாகிவிட்டது.

மண்டபத்தில்

கருத்துக் கேட்புக் கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் டிராக்டரில் வந்திருந்தார்கள். உள்ளே இடமில்லாமல் சாப்பாட்டுக்கூடத்திலும் ஆட்கள். பிடித்திருந்த அட்டைகளில் முக்கால்வாசி, யுரேனியம் வேண்டாம் என்றுதான் சொன்னது. ஆளுக்கொரு விதமாக எழுதியிருந்தார்கள். ‘உரேனியம்’ என்றும் இருந்தது. அட்டைகளைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு போய் உட்கார்ந்தேன்.

மேடையில் கம்பெனியின் மூத்த அதிகாரி பேசினார். எண்ணெய் நிறுவனம் யுரேனியம் எடுக்காது என்றார். கூச்சல் எழுந்தது. மாடு செத்ததாகச் சொல்கிறீர்களே என்று ஒரு தாளை எடுத்தார். என் அறிக்கை. “உங்க டாக்டரே எழுதியிருக்காங்க. இதய உறையைத் துளைத்த கம்பி காணப்பட்டது.” தாளை மடித்தார்.

மண்டபம் மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது. நான் எழுந்தேன். எழுந்திருக்க வேண்டும் என்று நினைக்கவில்லை, எழுந்திருந்தேன்.

“அடுத்த வரியையும் படிங்க சார்.”

படித்தார். பிறகு நிதானமாகக் கேட்டார். “அப்ப தண்ணியாலதான் செத்துச்சுன்னு நீங்க சொல்றீங்களா?”

“சொல்ல முடியாது.”

“தண்ணியால சாகலைன்னு சொல்லலாமா?”

“அதுவும் முடியாது.”

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பின்னால் இருந்தும் சிரிப்பு வந்தது. அரசாங்க உத்தியோகஸ்தர் இங்கே ஏன் பேசுகிறார் என்று ஒரு குரல் கேட்டது. உட்கார்ந்தேன். காது இரண்டும் எரிந்தன.

அப்போது தமிழரசி மைக்குக்குப் போனார். அதிகாரியைப் பார்க்கவே இல்லை. மேடையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த கார்த்திக்கைப் பார்த்துக் கேட்டார்.

“தம்பி, கீழ என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“துளை போட்டுப் பாத்தாத்தான் தெரியும்மா.”

“நாங்க குடிக்கிற தண்ணி எவ்வளவு ஆழத்துல இருக்கு?”

“அது மேலேயே இருக்கு. நாங்க அதைத் தாண்டிப் போயிடுவோம். சுத்தி இரும்புக் குழாயும் சிமெண்டும் வரும்.”

“அந்தச் சிமெண்டு எத்தனை வருசம் நிக்கும்?”

கார்த்திக் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி மைக்கை இழுத்தார். தமிழரசி கையைக் காட்டி, “அவரு சொல்லட்டும்” என்றார்.

“ரொம்ப நாள் நிக்கும்மா” என்றார் கார்த்திக்.

“எங்க பேரப்புள்ளைங்க காலம் வரைக்கும் நிக்குமா?”

இந்த முறை அதிகாரியைப் பார்க்காமல் அவர் சொன்னார்: “அப்படி உறுதி கொடுக்க என்னால முடியாதுங்க.”

“எங்க டாக்டரம்மாவுக்கும் தெரியலை. அதுக்குச் சிரிச்சீங்க. இவருக்கும் தெரியலை. இப்ப ஏன் யாரும் சிரிக்கல?” என்று சொல்லிவிட்டுத் தமிழரசி இறங்கி வந்து உட்கார்ந்தார்.

அதற்கப்புறம் கூட்டம் நடக்கவில்லை. கூச்சலில் எல்லாம் கலைந்தது.

அதன் பிறகு

எனக்கு ஒரு மெமோ வந்தது. நான்கு மாதத்தில் திருவிடைமருதூர்ப் பக்கம் மாறுதலும் வந்தது. தண்டனையா, வழக்கமான மாறுதலா? கேட்டேன். யாரும் சொல்லவில்லை.

நான் மாறுதலில் கிளம்பும் முன்பே, மழைக்கு முன்னால், கோபுரத்தைப் பிரித்து ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். போராட்டத்துக்குப் பயந்து போனார்கள் என்றது ஊர். கீழே ஒன்றும் கிடைக்கவில்லை, அதனால் போனார்கள் என்று மருந்தகத்துக்கு நாயைக் காட்ட வந்த முகாம் சமையல்காரர் சொன்னார். குழியை மண் போட்டு மூடினார்கள். சேற்றை முழுக்க அள்ளினார்களா, அப்படியே மூடினார்களா என்பதிலும் இரண்டு பேச்சு உண்டு.

ஓய்வுபெற்ற பிறகு, போன மாசியில் அந்த ஊருக்குப் போனேன். எனக்கு ஒன்று சொல்லியாக வேண்டியிருந்தது. தமிழரசி அடிபம்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். முடி நரைத்திருந்தது. உட்காரச் சொன்னார். உட்காராமலே சொன்னேன்.

“அந்த மஞ்சள் பெட்டி யுரேனியத்துக்கு இல்லை தமிழரசி. கூட்டத்துக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். சொல்லாம இருந்துட்டேன்.”

அவர் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தார்.

“தெரியும் டாக்டரம்மா. அந்தத் தம்பி நாயோட இந்தப் பக்கம் போகும்போது மோர் கொடுத்துக் கேட்டேன். சொல்லுச்சு.”

“எப்ப?”

“பசு சாகறதுக்கு முன்னாடியே.”

“அப்புறம் ஏன் ஊர்ல சொல்லலை?”

“தண்ணி கெட்டுப்போயிடும்னு எத்தனை நாளு கத்தினேன். ஒவ்வொரு வீட்டுலயும் உக்காந்து சொன்னேன். எத்தனை பேரு வந்தாங்க? நீங்க அந்த வார்த்தையைச் சொன்னீங்க, மண்டபம் கொள்ளாம வந்தாங்க.”

“நான் அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லை தமிழரசி.”

“நானும்தான் சொல்லலை” என்றார்.

யோசித்துப் பார்த்தேன். மண்டபத்து மைக்கில் அவர் தண்ணீரைப் பற்றி மட்டும்தான் கேட்டார். யுரேனியம் என்று அவர் வாயால் ஒருமுறைகூடச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஒரு செம்பில் தண்ணீர் அடித்து நீட்டினார். வாங்கினேன். வாய்க்குக் கொண்டுபோகும் முன் என் கை ஒரு கணம் நின்றது. அதை அவர் பார்த்துவிட்டார்.

“நாங்க இதைத்தான் குடிக்கிறோம்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

குடித்தேன். முழுவதும் குடித்துவிட்டுச் செம்பைத் திருப்பிக் கொடுத்தேன். நன்றாக இருக்கிறது என்று சொல்ல நினைத்தேன். அதைச் சொல்ல எனக்கு என்ன தெரியும் என்று விட்டுவிட்டேன்.